கூடத்துக் கேமரா

"மதினி, நேத்து போன்ல யாருகிட்ட அம்புட்டுச் சிரிப்பு?"

சோறு வைத்துக்கொண்டிருந்த பாண்டிசெல்வியின் கை நின்றது. கேட்டவன் கொழுந்தன் சிவபாண்டி. நேற்று அவன் வீட்டிலேயே இல்லை; மில்லில் இருந்தான். ஆனாலும் பார்த்திருந்தான்.

"பியூலா மேடம், தம்பி. எங்க லேப் மேடம்."

"பொம்பளையா? சரி." பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டவன் போலத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான்.

கூடத்தில், அவள் கணவன் பால்ச்சாமியின் மாலை போட்ட படத்துக்கு மேலே இருந்தது அந்தக் கேமரா. அவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்திலேயே மாட்டிவிட்டார்கள்; அது பிடிப்பதெல்லாம் சிவபாண்டியின் செல்போனில் தெரியும். பாதுகாப்புக்காம்! திருடன் வரும் வாசலை விட்டுவிட்டு அவள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பாதுகாப்பு. புருஷனை இழந்தவள் மேல் வீடே கண்ணாக இருப்பது ராஜபாளையத்துக்குப் புதிதல்ல. கண்ணுக்குப் பதில் கேமரா, அவ்வளவுதான். அவளுக்குச் செட்டியார்பட்டியில் பிறந்த வீடு இருந்தது. அங்கே அண்ணன் மனைவி முகம் கொடுத்துப் பேசி வெகு காலமாயிற்று.

பியூலா மேடம் சொன்னது சந்தோஷமான சமாச்சாரம். நெட்வொர்க்கில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்லும் சாஃப்ட்வேரை அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் வெள்ளோட்டம் விடுகிறார்கள். லேப் உதவியாளரான பாண்டிசெல்வியும் குழுவில் சேரலாம். வேலை முடிந்தபின் தங்கிப் பழக வேண்டும். அதைச் சொன்னதும் மாமியார் ஆவுடையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிப் போயிட்டு, இருட்டுன பொறவு பஸ்ஸ விட்டு எறங்குவியா? தாலியறுத்தவளுக்கு என்னட்டி படிப்பு? தெருவுல எங்க மானம் என்னத்துக்கு ஆகும்?"

பாண்டிசெல்விக்கு அழவும் பயம். அழுதால் அதற்கும் நாளைக்கு ஒரு விசாரணை வரும்.

குழுவில் சேருகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு வைஃபையைச் சோதித்துக் காட்ட வேண்டும். அதையாவது செய்து பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தாள். டிவி, செல்போன்கள் எல்லாம் பச்சையாக வந்தன. ஒன்று மட்டும் சிவப்பு. கேமரா. கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவேயில்லை. முன்பின் தெரியாத எவனும் வெளியிலிருந்து உள்ளே நுழையலாம்.

ஈரத்தலையோடு எத்தனை காலை அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள்!

"தம்பி, இங்க பாருங்க." தன் செல்போனில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, வெளியாள் போலக் கம்பெனி பாஸ்வேர்டைப் போட்டுக் கூடத்தைக் காட்டினாள். "எந்த ஊர்ல இருந்தும் எவனும் இத இப்பிடிப் பாக்கலாம்."

சிவபாண்டிக்கு முகம் வெளிறியது. ஆவுடையம்மாள் மாராப்பை இழுத்து மூடினாள்.

"அய்யய்யோ! சேலைய வெலக்கிப் போட்டு இங்கனதான ஃபேனுக்கடியில படுக்கேன்! எவெவன் பாத்தானோ!"

முட்டுவலிக்காரி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கேமரா மேல் ஈரத்துண்டு விழுந்தது.

பாண்டிசெல்வி பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக அவள் கூசினாள், யாருக்கும் உறைக்கவில்லை. மாமியார் ஒரு நிமிஷம் கூசினாள், துண்டு ஏறிவிட்டது.

"மதினி, வெளிய யாருட்டயும் சொல்லிராதிய. மொதல்ல பாஸ்வேர்ட மாத்துங்க."

மாற்றினாள்.

"இனி எவனும் பாக்க முடியாதுல்லா?"

"எவனும் பாக்க முடியாது."

நிம்மதியாக மூச்சு விட்ட சிவபாண்டி ஸ்டூலில் ஏறித் துண்டை எடுத்தான். கேமரா பழையபடி அவள் கதவைப் பார்த்தது. இறங்கி நின்று செல்போனைத் தட்டினான். படம் வரவில்லை.

"புது பாஸ்வேர்டு என்ன மதினி?"

பாண்டிசெல்வி லேப்டாப்பை மூடினாள்.

"எவனும் பாக்க முடியாதுன்னு இப்பத்தான சொன்னேன் தம்பி."

பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நான் வர இருட்டிரும் அத்தை. சோத்த மூடி வச்சிருங்க."