போட்டோவில் விழாத வள்ளியம்மா

வள்ளியம்மா போட்டோவில் விழுவதில்லை. பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய தெருக்களில், இன்ன வீட்டுத் தண்ணீர் உப்பு என்பதுபோல, இதுவும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளை நிற்க வைத்து எடுத்தால் பின்னால் இருக்கிற சுவர் விழும், சுவரில் ஊர்கிற பல்லி விழும், அவள் விழமாட்டாள். அவளுடைய வேலை அட்டையில் ஸ்டூடியோவின் பச்சைத் திரை மட்டும் இருந்தது. மேஸ்திரி இருபத்தாறு வருஷம் காலையில் அந்தத் திரையைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், சரி நீதான் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார். கல்யாணப் போட்டோவில் முதலில் இருந்தாள்தான். ஏரிக்கரை நடைபாதையைக் கூட்டும் வேலையில் சேர்ந்த பிறகு அதிலும் வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்து, மகன் சீனு பத்தாவது எழுதிய வருஷம் சட்டத்தைத் தாண்டிப் போய்விட்டாள். கணவர் அப்பாதுரை மாலையும் கழுத்துமாகத் தனியாக நின்றார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளே எதிரில் இருக்கும்போது போட்டோ எதற்கு என்றார்கள்.

எதற்கு என்பது அப்பாதுரைக்கு மறதி வந்தபோது தெரிந்தது. முப்பது வருஷம் சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முதலில் சாவி மறந்தது, பிறகு தெரு, அதன் பிறகு முகங்கள். வீட்டு ஆட்களின் படங்களைப் பெயர் எழுதிச் சுவரில் மாட்டுங்கள், தினம் காலையில் பார்த்தால் கொஞ்ச காலம் பிடித்து நிற்கும் என்று டாக்டரம்மா சொன்னார். சீனு பொம்மனஹள்ளியிலிருந்து வந்து ஆணி அடித்தான். அவன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், செத்துப்போன நாய் உட்பட எல்லோரும் சுவரில் ஏறினார்கள். ‘வள்ளி, உங்கள் மனைவி’ என்று எழுதிய சீட்டுக்கு மேலே வெறும் ஆணி. ஒரு காலையில் காபியை நீட்டிய வள்ளியம்மாவை அப்பாதுரை மரியாதையாகப் பார்த்து, "நீங்க எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டார். அவள் அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

கீழ் போர்ஷனில் இருந்த சங்கமித்ரா இந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகப்போகிற ஜோடிகளை நிறுத்திப் படம் எடுப்பதில் பேர் வாங்கியவள். முதலில் வெளிச்சம், அப்புறம் பின்னணி, கடைசியில்தான் ஆள், இது அவள் முறை. இடம் சரியாக அமைந்தால் ஆள் தானாக வந்துவிடும் என்பாள். அதனால் இடம் தேடினாள். பிரேசர் டவுனில் ஒரு சர்ச்சின் கல் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். கோவில் வாசலில், மெட்ரோ தூணடியில், ரோஜா நிறத்தில் பூத்துக் கொட்டிய மரத்தடியில் நிறுத்தினாள். கிட்டே போய் முகம் மட்டும் எடுத்தாள், தூரப் போய் முழு ஆளாக எடுத்தாள். கல் சுவர் அழகாக விழுந்தது. மரம் அதைவிட அழகாக விழுந்தது. பிப்ரவரி போய் மே வந்தது. அப்பாதுரை சீனுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நாயைக்கூடக் கூப்பிட்டார்.

தப்பு எங்கே என்று பார்க்க சங்கமித்ரா தன் பழைய ஏரிக்கரைப் படங்களைத் திறந்தாள். ஜோடிகளுக்குக் கொடுப்பதற்காக ஓரங்களை வெட்டிச் சரிசெய்வதற்கு முந்தைய படங்கள். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு நீளத் துடைப்பம், பிடிப்பதற்கு ஆளில்லாமல் நேராக நின்றது. ஒன்பது வருஷத்துப் படங்களிலும் நின்றது. கேமராவைத் தூக்கும்போதெல்லாம் தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதிலேயே கேட்டது. மாடிக்கு ஏறிப்போய் வள்ளியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, தள்ளிக்கோங்கன்னு நான்தானே சொன்னேன்."

"நீ மட்டுமா சொன்னே? வந்தவங்க எல்லாரும்தான்," என்றாள் வள்ளியம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. "நீயாவது அக்கான்னு சொன்னே. இப்போ அந்தப் பொட்டியைத் தூக்கினாலே கால் தானா நகருது. நான் என்ன பண்ணட்டும்?"

கடைசியாக ஒரு முறை ஏரிக்கரைக்கே போனார்கள். வீட்டில் தனியாக விட முடியாது என்று அப்பாதுரையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்கள். அவர் நீளமான கல் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். சங்கமித்ரா வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, பின்னால் குப்பைத் தொட்டி இருந்ததையும் பார்க்கவில்லை. வள்ளியம்மாவைப் பெஞ்சின் ஒரு முனையில் நிறுத்திக் கேமராவைத் தூக்கினாள். வள்ளியம்மாவின் கால் வழக்கம்போல நகர்ந்தது. அப்பாதுரை திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷக் கண்டக்டர் குரல் கன்னடமும் தமிழுமாகத் தொண்டையில் ஏறியது.

"ஒளகே பன்னிம்மா, ஜாக இதே. ஃபுட்போர்டுல நிக்காதே, உள்ள வா, எடம் இருக்கு."

சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் கல்லைத் தட்டிக் காட்டினார்.

படத்தில் ஒரு முனையில் அப்பாதுரை இருந்தார், நடுவில் காலி பெஞ்சு, மறுமுனை விளிம்பில் நான்கு கண்ணாடி வளையலும் ஒரு கையும். வேறு யார் படமாக இருந்தாலும் சங்கமித்ரா அந்தக் கையை வெட்டியிருப்பாள். இதை ஒரு நூல்கூட வெட்டாமல், காலி இடத்தோடு பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்து அந்த ஆணியில் மாட்டினாள். ஒரு வாரத்தில் தோள் வந்தது. ஆடி மாதம் முகம் வந்தது, வேர்த்திருந்தது. ஆயுத பூஜைக்கு, பொட்டு வைக்கப் போன மருமகள் பார்த்தபோது, வள்ளியம்மா பெஞ்சின் நடுவில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். அப்பாதுரை படத்தைப் பார்த்தார், சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார், காபி கொண்டுவந்தவளைப் பார்த்தார். "வள்ளி, சக்கரை கம்மி," என்றார். அவள் போட்டுக்கொண்டு வந்தாள்.

சில நாள் நினைவிருக்கும், சில நாள் இருக்காது. மார்கழியில் ஒரு காலை அவர் கல்யாணப் போட்டோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டத்தின் ஓரத்தில் அரக்குக் கூறைப்புடவையின் நுனி தெரிந்தது. பின்னாடி ஒரு பொண்ணு ஓடி வருது, வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வள்ளியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் காத்திருந்தாள்.