பயனர் பயந்துவிடுவார்

அந்த மருத்துவமனை என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல. பதினோராம் படுக்கை நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவை லேப் அக்கா வார்டுக்கு அனுப்பினாரா, இல்லையா?

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, சிறுநீரகக் கோளாறோடு படுத்திருந்த ஒரு பெரியவரின் இரத்தத்தில் பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று என்று லேப்பில் தெரிந்தது. ஆறரையைத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து. உடனே கணினியில் அடித்து அனுப்பிவிட்டதாக லேப் அக்கா சொன்னார். அப்படி ஒன்று வரவே இல்லை என்று வார்டு நர்ஸ் சொன்னார். மதியம் ஒன்றரைக்குப் பெரியவரின் இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தி அழுத்தி மீட்டார்கள். எட்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்துக்கொண்டார். தவறு யார்மேல் என்று தீர்மானிக்கும் கூட்டம் அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. நான் போனது அதே வாரம் செவ்வாய்க்கிழமை.

“எனக்கு ரெண்டே வரி போதும்,” என்றார் பெரிய டாக்டர். மருத்துவமனையின் தலைமை அவர்தான். “அனுப்பினாங்க, இல்ல அனுப்பல. அந்தம்மா இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்காங்க. காரணம் இல்லாம வீட்டுக்கு அனுப்பவும் முடியாது, காரணம் இருந்தா வெச்சுக்கவும் முடியாது.”

அலுவலகங்களில் ஓடும் நிரல்களில் கோளாறு கண்டுபிடிப்பது என் தொழில். அதில் எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வாங்கும் பக்கம், அடுத்து அனுப்பும் பக்கம். லேப் கணினியும் வார்டு கணினியும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு வெப் சர்வீஸ் இருக்கிறது, தபால் நிலையம் மாதிரி. வாங்கிய ஒவ்வொன்றையும் நேரத்தோடு பதிந்துவைத்து, ‘வந்து சேர்ந்தது’ என்று அனுப்பியவருக்குப் பதில் கொடுக்கும். அந்தப் பதிவைத் திறந்தேன். பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒரு முடிவு வந்திருந்தது. அடுத்தது பத்து முப்பத்தொன்பதுக்கு. இடையில் ஒன்றுமே இல்லை.

“அப்போ அனுப்பல,” என்றார் பெரிய டாக்டர், பேனா மூடியைத் திறந்தபடி.

“வரலைன்னுதான் சொல்றேன் டாக்டர். அனுப்பலைன்னு இன்னும் சொல்லல.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“வெள்ளிக்கிழமை சொல்றேன்.”

லேப் கீழ்த்தளத்தில் இருந்தது. சன்னல் இல்லாத அறை. இரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. லேப் அக்கா கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

“வாங்க தம்பி. நான் பொய் சொல்றேனான்னு பாக்க வந்த ஆளு நீங்கதானா? உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், பாத்து.”

ஸ்டூல் ஆடியது. அவர் திரையைக் காட்டினார். “இதோ பேரு. இதோ நம்பர். இங்க ‘அனுப்பு’. அமுக்கினா பச்சை எழுத்துல வரும். அன்னைக்கும் வந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

நான் குனிந்து, கணினியின் பின்னால் இருந்த வலைக் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். “சும்மா ஒரு நம்பர் போட்டு இப்ப அமுக்குங்கக்கா.”

அமுக்கினார். திரையில் ஒரு வட்டம் சற்று நேரம் சுழன்றது. பிறகு பச்சை எழுத்தில் வந்தது: ‘அனுப்பப்பட்டது. நன்றி.’

அவர் திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். “ஒயரு உங்ககிட்ட இருக்கு. அப்புறம் இது யாருக்கு நன்றி சொல்லுது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

“முன்னாடியெல்லாம் மோசமான நம்பர் வந்தா போன் பண்ணுவேன் தம்பி. போனை எடுக்கலைன்னா மாடி ஏறிப் போயிடுவேன். நர்ஸைத் திருப்பிச் சொல்ல வெச்சுக் கேட்டுட்டுதான் எறங்குவேன். இது வந்தப்புறம், போன் எதுக்கு, அதான் ஸ்கிரீன்ல போகுதேன்னுட்டாங்க. பத்து மாசமா இந்தப் பச்சையைப் பாத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கேன்.”

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம். “இதை எழுதின புண்ணியவான் யாருக்கா?” என்று கேட்டேன்.

“நம்ம எக்ஸ்ரே அண்ணன்தான்.”

எக்ஸ்ரே அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கட்டடத்தில் கணினி தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் தானே படித்துத் தானே எழுதியதுதான் லேப் திரையில் வரும் அந்தப் படிவம். நிரலைத் திறந்து காட்டும்போது, மகனின் விடைத்தாளை நீட்டும் தகப்பன் மாதிரி நின்றார்.

“பாருங்க சார். தப்பா இருந்தா திட்டிடுங்க. நான் காலேஜ் பக்கம் போகாதவன்.”

படித்துக்கொண்டே போனேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. முடிவை அனுப்பும் இடம் அது. அனுப்பும்போது ஏதாவது பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத ஓர் இடம் உண்டு. அந்த இடம் காலியாக இருந்தது. கணினி கண்டுகொள்ளாத, மனிதர்கள் படிப்பதற்கான ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: ‘இங்கே ஒன்றும் செய்ய வேண்டாம். பயனர் பயந்துவிடுவார்.’ அதற்குக் கீழே, முடிவு போனாலும் போகாவிட்டாலும் பச்சை எழுத்தைக் காட்டும் வரி. சர்வீஸ் தரும் பதிலை வாங்கிவைக்கும் பெட்டிக்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைக்கப்பட்டிருந்தது. சிட்டு.

“அந்தச் சிட்டு என்னன்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல சார்,” என்று எக்ஸ்ரே அண்ணன் சிரித்தார். “ஏதோ பெரிய கம்ப்யூட்டர் வார்த்தை போலன்னு மூணு புஸ்தகத்துல தேடினேன். கெடைக்கல. எடுத்தா ஓடாம போயிடுமோன்னு அப்படியே விட்டுட்டேன்.”

“இதை எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?”

“நெட்ல தமிழ்லயே ஒரு கேள்வி பதில் பக்கம் இருக்கு சார். அதுல ‘படிப்படி’ன்னு ஒருத்தர். முதல் படி, ரெண்டாம் படின்னு நம்பர் போட்டு எழுதுவாரு. என்னை மாதிரி ஆளுக்கும் புரியும். அவரை மட்டும் நேர்ல பாத்தேன்னா, கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்.”

படிப்படி நான்தான்.

ஒன்பது வருடம் முன்பு ஒருவர் கேட்டிருந்தார்: ‘சர்வீஸ் மெதுவாக இருக்கும்போது படிவத்தில் பெரிய பிழைச் செய்தி வருகிறது. அலுவலகத்தில் எல்லோரும் அலறுகிறார்கள். என்ன செய்யலாம்?’ சாப்பாட்டு இடைவேளையில் கால் மணி நேரத்தில் ஐந்து படிகளாகப் பதில் எழுதினேன். நான்காம் படி, அந்தக் காலி இடமும் அந்தக் குறிப்பும். ‘நூறு சதவீதம் வேலை செய்யும்’ என்று முடித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. வீட்டில் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். பதிலில் ஒரு பெயர் தேவைப்பட்டது, அவள் பெயரை வைத்தேன். ‘உன் பேரு முந்நூறு கம்ப்யூட்டர்ல ஓடுது தெரியுமா?’ என்று அவளிடம் பின்னால் பெருமையடித்தும் இருக்கிறேன். அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

‘அண்ணே, அது நான்தான்’ என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். கையை நீட்டியிருந்தால் பிடித்துக்கொண்டிருப்பார். நான் சொன்னது வேறு.

“இதுல ஒரு காப்பி எடுத்துக்கிறேன்ணே.”

புதன்கிழமை வீட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். ஒன்று: லேப் அக்கா ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியிருக்கிறார், லேப் கணினியின் சொந்தக் குறிப்பில் பத்து பதினேழு என்று நேரம் இருக்கிறது. இரண்டு: அந்த அரை மணி நேரம் சர்வீஸ் திணறிக்கொண்டிருந்ததால் முடிவு போய்ச் சேரவில்லை. மூன்று: போகாததைப் படிவம் மறைத்துவிட்டது. நான்கு: இது படிவத்தை எழுதியவரின் கவனக்குறைவு.

நான்கும் உண்மை. நான்காவதை எழுதும்போது என் கை கொஞ்சமும் தயங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

என் மனைவி மேசையைத் துடைக்க வந்தவள் தாள்களை ஒதுக்கினாள். அறிக்கையைப் படித்தாள். அடியில் இருந்த நிரலின் காப்பியையும் பார்த்தாள்.

“இந்தத் தாள்ல நம்ம புள்ள பேரு இருக்கு,” என்றாள். “அறிக்கையில காணோமே.”

“எடுத்துப் போட்டவர் யோசிச்சுப் போட்டிருக்கணும்ல? நான் என்ன, ஆஸ்பத்திரிக்குன்னா எழுதினேன்?”

“சரி,” என்றாள்.

அந்தச் ‘சரி’க்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது. மேசையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அறிக்கையை மாற்றவில்லை. உறையில் போட்டு ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். நீள மேசையின் தலைமாட்டில் பெரிய டாக்டர், பக்கத்தில் நிர்வாக அதிகாரி, எதிரே லேப் அக்கா, கடைசி நாற்காலியில் எக்ஸ்ரே அண்ணன். பெரிய டாக்டர் அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். முதலாவதைப் படித்ததும் லேப் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மூன்றாவது முடியும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். நான்காவதைப் படித்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார்.

“இது உங்களைத்தான் சொல்லுது.”

“ஆமாங்க டாக்டர்,” என்று எக்ஸ்ரே அண்ணன் எழுந்து நின்றார்.

“எக்ஸ்ரே ரூமோட இருங்கன்னு நான் அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்,” என்றார் நிர்வாக அதிகாரி. “இவரு பெரிய இன்ஜினியரு!”

“பத்து மாசத்துல இன்னும் எத்தனை இப்படிப் போகாம கெடக்கோ,” என்றார் டாக்டர். “உங்களை நான் எப்படி வேலையில வெச்சுக்கறது? நீங்களே சொல்லுங்க.”

எக்ஸ்ரே அண்ணன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அந்த இடம் மட்டும் நான் சொந்தமா எழுதினது இல்லீங்க. படிப்படின்னு ஒரு பெரியவர் நெட்ல எழுதினது. ஆனா அவர்மேல தப்பு இருக்காது டாக்டர். அவர் தப்பா எழுத மாட்டாரு. நான்தான் காப்பி அடிக்கும்போது ஒரு வரி ரெண்டு வரி விட்டிருப்பேன்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய செருப்பு தெரிந்தது. ஒன்றின் வார் அறுந்து, மருத்துவமனை பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தது.

“ஒரு வரிகூட விடல,” என்றேன். “அவர் சரியாத்தான் காப்பி அடிச்சிருக்காரு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் டாக்டர்.

“சிட்டு என் பொண்ணு டாக்டர்.”

ஒருவருக்கும் புரியவில்லை. எனவே முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன்: கேள்வி, ஐந்து படிகள், நான்காம் படி, அதிலிருந்த ‘பயனர் பயந்துவிடுவார்’ குறிப்பு, பெயர், செவ்வாய்க்கிழமையே தெரிந்தும் வாயைத் திறக்காதது. அதைச் சொல்லும்போது எக்ஸ்ரே அண்ணன் தலையைத் தூக்கினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், உடனே பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குளிக்கும் அறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவர் திரும்பிக்கொள்வாரே, அப்படி.

முதலில் பேசியது லேப் அக்கா. “பயனர்னா யாரு தம்பி?”

“நீங்கதான்க்கா.”

“நான் பயந்துடுவேன்னா அப்படி எழுதினீங்க?”

“ஆமாக்கா.”

“பயந்திருந்தா மாடி ஏறி ஓடியிருப்பேனே,” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

எக்ஸ்ரே அண்ணனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், வேலை நிலைத்தது. லேப் அக்காவிடம் டாக்டர் மன்னிப்புக் கேட்டார். மருத்துவமனை இனிமேல் என்னைக் கூப்பிடாது. ஆனால் போவதற்கு முன் படிவத்தைச் சரிசெய்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அன்று மதியமே எக்ஸ்ரே அண்ணனோடு உட்கார்ந்தேன். லேப் குறிப்பையும் வார்டுப் பதிவையும் ஒப்பிட்டதில், போகாமல் நின்ற முடிவுகள் இன்னும் முப்பத்தேழு இருந்தன. லேப் அக்கா பட்டியலை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு நோயாளி வீட்டுக்கும் போன் செய்யத் தொடங்கினார். காலி இடத்தில் நாங்கள் சிவப்பு எழுத்தை வைத்தோம்: ‘போகவில்லை. வார்டுக்கு உடனே போன் செய்யவும்.’ கம்பியைப் பிடுங்கிப் பார்த்தோம். சிவப்பு வந்தது.

“அந்தப் பேரையும் மாத்திடலாம்ணே,” என்றேன்.

“வேணாம் சார். நாளைக்கு வேற யாராவது இதைத் தொறந்தா, யாரைக் கேக்கணும்னு தெரியணும்ல.” அவர் சிரிக்கவில்லை. நான் கிளம்பியபோது கையையும் நீட்டவில்லை.

பழைய பதிலை அழித்துவிட்டேன். அழித்தால் மட்டும் போதாது. எடுத்துப் போனவர்களிடம் அது இருக்கும். எனவே நன்றி சொல்லியிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அந்தப் பக்கத்தின் வழியாகவே தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். என்ன தவறு, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது, என் தொலைபேசி எண். தினமும் இருபது. சிட்டுவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. தோள்மேல் சாய்ந்து படித்தாள்.

“இன்னும் எத்தனை எடத்துல ஓடுதுப்பா என் பேரு?”

“தெரியலம்மா. கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“வேணும்னா வேற பேரு வெச்சிருக்கலாம்ல,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இதுவரை பத்தொன்பது பதில்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் திருத்திவிட்டோம் என்று. இன்று காலை வந்தது ஒரு குடிநீர்ப் பரிசோதனை நிலையத்திலிருந்து. ‘ஐயா, தங்கள் கடிதம் கண்டோம். எங்களிடம் அந்தப் படிவம் ஏழு ஆண்டுகளாக ஓடுகிறது. இன்றுவரை ஒருமுறைகூடப் பிழைச் செய்தி வந்ததில்லை. எனவே மாற்றத் தேவையில்லை என்று கருதுகிறோம். மிக்க நன்றி.’

கீழே தொலைபேசி எண் இருந்தது. அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கும்வரை அழைப்பதாக இருக்கிறேன். எடுக்காவிட்டால் கிளம்பிவிடலாம், முகவரியும் இருக்கிறது.