முகம் இல்லாத படம்

மகள் பூங்கொடி சுனாமியில் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று செங்கம்மாள் சொன்னபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் ஊர்க் கரையில் எத்தனையோ பேருடைய அழுகையைப் படம் பிடித்துவிட்டேன். மனசு மரத்துப் போயிருந்தது. என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"திதி வருது சார். எல்லார் வூட்லயும் போட்டோவுக்கு மாலை போட்டு வெச்சிகிறாங்க. எங்க வூடே பூடுச்சி, போட்டோவுக்கு எங்க போறது? நீ அப்ப எடுத்தியே படம், அதுல எம்பொண்ணு கீது இல்ல? மூஞ்சி மட்டும் எடுத்துக் குடு, போதும்."

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். புதுப்பட்டினத்திலிருந்து எங்கள் வாசலுக்கு மீன் கொண்டுவந்த இந்தச் செங்கம்மாளைப் பற்றித்தான் 1998-இல் என் முதல் ஆவணப்படம். டெல்லியில் விருது கொடுத்தார்கள். 'கேமரா இருப்பதையே மறந்து வாழும் மனிதர்கள்' என்று நடுவர்கள் எழுதினார்கள். அந்த ஒரு வரியை வைத்தே ஏழு வருஷம் பிழைப்பை ஓட்டினேன்.

மறந்து வாழ்ந்தார்களாம்! அம்மாவின் மீன்கூடையோடு ஒட்டிக்கொண்டு வந்த எட்டு வயசுப் பூங்கொடி லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாள். எங்கள் தொழிலில் ஒருவர் கேமராவைப் பார்த்துவிட்டால் அந்த ஷாட் குப்பைக்கு. "பாக்காதம்மா, பாக்காத" என்று மூன்று நாள் கத்தினேன். நான்காம் நாள் பழகிவிட்டாள். நான் ஸ்டாண்டை விரித்தாலே தானாகத் திரும்பி முதுகைக் காட்டுவாள். நல்ல பிள்ளை என்று மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்தேன்.

செங்கம்மாளிடம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படத்தில் சேர்க்காத காட்சிகள் வீட்டில் இருக்கும் என்ற தைரியம். பெட்டியைக் கிளறினேன். பதினொரு டேப்பும் இருந்தன. போட்டுப் பார்த்தால், மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றில் தலைக்கவசம் போட்ட ஆட்கள் தீயை அணைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விருதுக்குப் பிறகு ஒரு கம்பெனிக்காக எடுத்த பாதுகாப்புப் பயிற்சிப் படம் அது. புது டேப் எதற்கு என்று பழைய டேப்பின் மேலேயே பதிவு செய்த புத்திசாலி நான்தான்.

எந்த டேப்பில் என்ன காட்சி என்று குறித்துவைத்த நோட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. என் கையெழுத்துதான். 'டேப் 2. கரை. சிறுமி பார்க்கிறாள். வேண்டாம்.' 'டேப் 2. மீன் ஏலம். சிறுமி பார்க்கிறாள், சிரிக்கிறாள். வேண்டாம்.' 'டேப் 3. சிறுமி, முன்பல் இல்லை, நல்ல சிரிப்பு. வேண்டாம்.' இப்படிப் பத்தொன்பது இடம். படித்துவிட்டு நோட்டை மூடினேன். பசித்தது, சாப்பிட்டேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விருது வாங்கிய படத்தின் சி.டி.யோடு அவர்களுடைய தற்காலிகக் குடியிருப்புக்குப் போனேன். பக்கத்து வீட்டு டிவியில் போட்டோம். செங்கம்மாள் திரையில் தெரிந்த தன்னைக் கவனிக்கவே இல்லை. மகள் எப்போது வருவாள் என்றே உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு நிமிஷப் படத்தில் பூங்கொடி மூன்று தடவை வந்தாள். மூன்றிலும் முதுகுதான். கடைசி இடத்தில் படத்தை நிறுத்தினேன். அலையைப் பார்த்து நிற்கிறாள், ரெட்டைப் பின்னல், தோள்பட்டையில் கிழிந்த கவுன்.

"இவ்வளவுதாம்மா இருக்கு. அவ மூஞ்சி வந்ததையெல்லாம் நான்தான் வேணாம்னு தள்ளினேன். அப்புறம் அழிச்சிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், முந்தானையால் திரையைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தாள்.

"இந்தப் பக்கம் பாக்கச் சொல்லு சார்" என்றாள். "நீ சொன்னா கேக்கும் அது."