சட்டையைக் கிழிங்க

அரியாங்குப்பம் மாதா கோவிலின் பின்பக்கக் கூடத்தில் பாய் விரித்து ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள். ஆள் உயரப் பொம்மை. கோடு போட்ட பழைய சட்டை மாட்டியிருந்தது. தலைமாட்டில் ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. புஷ்பமேரி பொம்மையின் பக்கத்தில் மண்டியிட்டு, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். "நோயாளியின் மேலாடையை அகற்றவும்" என்று பெட்டி இரண்டாவது முறையாகச் சொன்னபோது அவர் நான்காவது பொத்தானுக்கு வந்திருந்தார். அது துளைக்குள் சிக்கிக்கொண்டது. நூல் அறுந்துவிடாமல் நகத்தால் மெல்ல நெம்பினார். சற்றுத் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேனகாவின் கையில் நிறுத்துக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய் திறக்கக் கூடாது. என்ன தடுமாறினாலும் உதவக் கூடாது. சோதனையின் விதி அது.

மேனகா வேலை பார்த்தது சேதராப்பட்டில், பன்னிரண்டு பேர் மட்டுமே இருந்த ஒரு சிறிய கம்பெனியில். இதயம் திடீரென்று நின்று விழுந்தவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் உள்ளே இருக்கும் சிம் வழியாக ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு இடம் உட்படத் தகவல் போய்விடும். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று பெட்டி பேசிச் சொல்லும். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், கல்யாண மண்டபம் என்று மாட்டி வைப்பது திட்டம். பெட்டிக்குள் ஓடும் மின்சாரம் மற்றவர்களின் பொறுப்பு. என்ன வார்த்தை சொல்ல வேண்டும், எந்தப் படம் தெரிய வேண்டும், பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது மேனகாவின் பொறுப்பு. ஒரு நிமிடம் தாமதித்தால் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு குறையும் என்று காட்டும் வரைபடக் கோடு அவள் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கும் பாதை போல அது சரிந்துகொண்டே போகும்.

புஷ்பமேரி எல்லாவற்றையும் முடிக்க நான்கு நிமிடம் இருபது நொடி ஆயிற்று. அவருக்கு ஐம்பத்தேழு வயது. கான்வென்ட் ஹாஸ்டலில் சமையல் வேலை. சோதனைக்கு வந்த பன்னிரண்டு பேரில் அவர் எட்டாவது ஆள். முடித்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேனகா தண்ணீர் கொடுத்து, தாளில் இருந்த கேள்விகளைக் கேட்டாள்.

"பொத்தான ஏன் ஒண்ணொண்ணா கழட்டுனீங்க?"

"சட்ட கிழிஞ்சிடும்ல மேடம்."

மேனகா அதை எழுதினாள். தலையை நிமிர்த்தியபோது புஷ்பமேரி பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு சட்டையையும் இப்படித்தான் கழட்னேன். பூசைக்குப் போட்டுட்டுப் போன சட்ட. புதுசு."

கணவர் அமலநாதன் எலக்ட்ரீஷியன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து டிவி போட்டு உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மகன் மரிய அருண் பிரான்சில் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். புஷ்பமேரி 108-க்குப் போன் செய்தார். சட்டையைக் கழற்றினார். விசிறினார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடினார். ஆம்புலன்ஸ் வரப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. இதையெல்லாம் அவர் சமையல் குறிப்பு சொல்வது போல வரிசையாகச் சொன்னார்.

"இந்தப் பொட்டி இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

சோதனைக்கு வருபவர்களிடம் மருத்துவக் கருத்து எதுவும் சொல்லக் கூடாது என்று மேனகாவே விதி எழுதியிருந்தாள். அந்தத் தாள் அவள் மடியிலேயே இருந்தது.

"தெரியலக்கா" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் முதலாளி கோபிநாத்தின் எதிரே உட்கார்ந்து, மேலாடையை அகற்றவும் என்ற வரியை மாற்ற வேண்டும் என்றாள். சிவப்புப் பிடி போட்ட கத்தரிக்கோல் ஒன்று பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டி, "சட்டையைக் கிழிங்க. கிழிச்சாலும் பரவாயில்ல" என்று சொல்ல வேண்டும்.

கோபிநாத் நெற்றியைத் தேய்த்தார். "கவர்மென்ட்டுக்குப் போற பொருள் மேடம். ஒரு மெஷின் ‘கிழிங்க’ன்னு சொல்லலாமா?"

"பன்னெண்டு பேர்ல ஒம்போது பேரு பொத்தானத்தான் கழட்னாங்க சார். ஒருத்தருக்கு அந்த வரியில மட்டும் ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட் போச்சு. இன்னொருத்தரு அகற்றவும்னா என்னான்னு எங்கிட்ட கேட்டாரு."

அவர் எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டிக்குக் குரல் கொடுத்த பெண் சென்னையில் இருந்தாள். அவளைத் திரும்ப வரவழைக்க ஒரு மாதமாகும். "சோதனைக்கு மட்டும் நீங்களே பேசிடுங்க" என்றார்.

சாரம் பகுதியில் மேனகா இருந்தது ஒரு மாடி வீட்டில். அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அண்ணன் நெடுமாறன் ஓசூரில் இருந்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூப்பிடுவான். ஞாயிறு காலையில், கீழே தண்ணீர் லாரி வருவதற்கு முன், அவள் ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, எதிரொலி விழாமல் இருக்கப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு போனில் பேசிப் பதிவு செய்தாள். சட்டையைக் கிழிங்க. கரண்ட் போற ரெண்டு பட்டையையும் நெஞ்சுல படத்துல இருக்கிற மாதிரி ஒட்டுங்க. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சி அழுத்துங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. வியர்வை கழுத்தில் வழிந்தது. தாளில் இல்லாத ஒரு வரியையும் பேசிப் பார்த்தாள்: "பயப்படாதீங்க. நான் கூட இருக்கேன்." போர்வையை விலக்கி அதை மட்டும் போட்டுக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். சுவர்களுக்கு நடுவில் அது வேறு யாரோ அவளுக்குச் சொல்வது போல இருந்தது. அந்த வரிக்கு மூன்று நொடி. மூன்று நொடி மிக அதிகம். நீக்கிவிட்டாள். அன்று மாலை வரை அவள் வேறு எதுவும் பேசவில்லை. பேச ஆள் இல்லை என்பது ஆறு மணிக்கு மேல் விளக்கைப் போடும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இரண்டாவது சுற்றுச் சோதனை இரண்டு வாரம் கழித்து, அதே கூடத்தில், ஒரு சனிக்கிழமை நடந்தது. புதிதாகப் பன்னிரண்டு பேர். பழைய துணிக்கடையில் மொத்தமாக வாங்கி வந்த சட்டைகளை ஆளுக்கொன்றாகக் கிழித்தார்கள். முதல் ஆள் கத்தரிக்கோலை எடுத்த வேகத்தைப் பார்த்தபோதே இது பலிக்கும் என்று மேனகாவுக்குத் தெரிந்துவிட்டது. பதினொரு பேர் இரண்டரை நிமிடத்துக்குள் முடித்தார்கள். கோபிநாத் மதியம் வந்து பார்த்துவிட்டு, "நீங்க சொன்னதுதான் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி ஆள் போனபோது மணி நாலரை. மேனகா கிழிந்த சட்டைகளைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தாள். வாசலில் புஷ்பமேரி செருப்பைக் கழற்றி விட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் ஒரு தடவ செய்யறேன்."

"ஒருத்தர ரெண்டு தடவ வெக்கக் கூடாதுக்கா. ஏற்கெனவே தெரிஞ்சவங்க செஞ்சா சோதனையில சேராது."

"சேர்க்க வேணாம். எதுலயும் எழுத வேணாம். எனக்காவ செஞ்சி பாக்கறேன்."

மேனகா மிச்சமிருந்த ஒரு சட்டையைப் பொம்மைக்கு மாட்டிவிட்டாள். வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தை அழுத்தினாள். புஷ்பமேரி பெட்டியைத் திறந்தார். சட்டையைக் கிழிங்க என்று மேனகாவின் குரல் சொல்லி முடிப்பதற்குள் கத்தரிக்கோல் கீழிருந்து மேலாக ஓடி, சட்டை இரண்டு பக்கமும் விழுந்தது. பட்டைகளை ஒட்டினார். பெட்டியில் மின்னிய பொத்தானை அழுத்தினார். இரண்டு கைகளையும் கோத்துப் பொம்மையின் நெஞ்சில் வைத்து, உடம்பின் பாரத்தை இறக்கி அழுத்த ஆரம்பித்தார். பெட்டி எண்ணத் தொடங்கியது.

"போதும்க்கா. முடிச்சிட்டீங்க. ஒரு நிமிஷம் அம்பது செகண்டு" என்று மேனகா சிரித்துக்கொண்டே கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள்.

புஷ்பமேரி மூச்சு வாங்கியபடி அந்த எண்களைப் பார்த்தார். கை இன்னும் பொம்மையின் மேல் இருந்தது.

"இவ்ளோதானா?"

மேனகாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. இரண்டு வாரமாக அவள் குறைக்கப் பாடுபட்ட நேரம் இந்தப் பெண்ணின் முன்னால் என்னவாகப் போய் விழும் என்று அவள் ஒரு கணம்கூட யோசித்திருக்கவில்லை. போன முறை அவருக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று காப்பாற்றுவது தன்னால் முடிந்திருக்காது என்று சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கி உங்க வீட்டுல இந்தப் பொட்டி இல்லியேக்கா."

"பொட்டி இல்ல. கை இருந்துச்சில்ல."

பெட்டி முப்பது வரை எண்ணிவிட்டுத் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கியது. மேனகா எழுந்து போய் அதை நிறுத்தியிருக்கலாம். நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு யாரும் சொல்லித் தரல."

"இல்ல. யாரும் சொல்லித் தரல" என்றார் புஷ்பமேரி. யாரையும் குறை சொல்லும் குரலாக அது இல்லை. பிறகு பொம்மையின் மார்பை விரலால் தட்டினார். "இதுல கோடு போட்டு வெச்சிருக்கு. ஆளுக்கு எங்க வெக்கறது?"

நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி என்று மேனகா சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை. தன் நெஞ்சிலேயே தொட்டுப் பார்த்தார், சேலைக்கு மேல், சற்று இடப்பக்கமாக. மேனகா பொம்மையை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பாயில் மல்லாந்து படுத்தாள். இதயம் துடிக்கிற ஆளை ஒருபோதும் அழுத்தக் கூடாது, இடம் பார்க்க மட்டும்தான் என்றாள். கூடத்தின் தகரக் கூரையும், அதில் தொங்கிய மின்விசிறியும் தெரிந்தன. புஷ்பமேரி அருகில் நகர்ந்து வந்து, உள்ளங்கையை அவள் நெஞ்சின் நடுவில் வைத்தார். பூண்டு வாசனை வந்தது. கை கனமாகவும் சூடாகவும் இருந்தது.

"இங்கியா?"

"கொஞ்சம் கீழக்கா. ஆங். அங்கதான்."

"இங்க அடிக்கிறது கைக்குத் தெரியுது."

புஷ்பமேரி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுல யாரு இருக்கா உனக்கு?"

"யாரும் இல்லக்கா."

பக்கத்தில் பொம்மையோடு இணைந்திருந்த பெட்டி எண்ணிக்கையை முடித்தது. இதயத் துடிப்பு திரும்பிவிட்டதா என்று அது சோதிக்கும் நேரம். அதற்கு யார் கையும் மேலே இருக்கக் கூடாது.

"நிறுத்துங்க" என்றது மேனகாவின் குரல். "இப்ப யாரும் தொடாதீங்க."

கூடத்துக்கு வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். பெட்டி அதே வரியை இன்னொரு முறை சொன்னது. புஷ்பமேரி பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.