மஞ்சிட்டிச் சிவப்பு

பெட்டியின் அடியில் கிடந்த அந்தச் சேலைக்கு என்ன நிறம் என்று கேட்டால் சுப்பாத்தாளுக்கே பதில் தெரியாது. கல்யாணமான புதிதில் வாங்கியபோது அது ரோஜா நிறம் என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினான். முதல் தண்ணீரில் அந்தச் சத்தியம் பாதி போயிற்று, அடுத்த தண்ணீரில் மீதியும் போயிற்று. இப்போது அது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஊர் ஊருக்குப் பனியன் அனுப்புகிற திருப்பூரில், பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டி மட்டும் வெளுத்த சேலையோடு திரிய வேண்டும் என்று எந்தச் சாமி எழுதி வைத்ததோ தெரியவில்லை. ஆனால் நூல் கெட்டியாக இருந்தது. கரையும் பிரியவில்லை. சாயம் ஏற்றினால் கட்டலாம் என்று தோன்றியது.

நாத்தனார் காளியாத்தாள் வீட்டில் வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது, போகவும் கால் எழவில்லை. தை மாதம் அதே வீட்டில் மூத்த பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஆசையாக முன்னால் போனாள் சுப்பாத்தாள்.

"நீ சித்த அந்தப் பக்கம் நில்லு சுப்பாத்தா. புள்ளை பெத்தவங்க மொதல்ல பூசட்டும்" என்றாள் காளியாத்தாள்.

குரலில் கோபமோ குத்தலோ இல்லை. பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது. சுப்பாத்தாள் அத்தனை தலைகளுக்கும் மேலாகத் தன் புருஷனைத் தேடினாள். சென்னியப்பன் பந்தலின் மூங்கிலில் கட்டியிருந்த வாழைமரத்தை, அன்றுதான் வாழைமரத்தைப் பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளும் பெற்றவள்தான். ஆண் பிள்ளை. தலை நிற்பதற்குள் போய்விட்டான். பால்குடிப் பிள்ளை போனால் அவர்கள் வீட்டில் கருமாதி கிடையாது, படம் கிடையாது, விளக்கு கிடையாது. தொட்டில் துணியிலிருந்து இடுப்புக் கயிறு வரை எல்லாவற்றையும் கூடவே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். நல்ல எண்ணத்தில் ஏற்பட்ட வழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த பிள்ளை வரவே இல்லை. பேசாமல் இருந்தது மட்டும் நிலைத்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பெற்றவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அந்த நாட்களை நினைத்தால் அவளுக்குப் புகைமூட்டமாக இருந்தது. பிள்ளையின் முகம் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துகொண்டே வந்தது. அவன் இருந்தான் என்று இன்னொருவர் வாயால், அதிலும் அந்த மனுஷன் வாயால், ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். அதற்குமேல் அவள் எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்கவில்லை. சென்னியப்பனோ வாயைத் திறப்பதாக இல்லை.

கடைசியில் கல்யாணத்துக்குப் போவது என்று முடிவு பண்ணினாள். ஆனால் வெளுத்த சேலையில் போய் ஓரமாக நிற்பதில்லை. நல்ல சிவப்பில் நின்றால், நிறுத்தியவர்களுக்கே கொஞ்சம் கண் உறுத்துமல்லவா?

பக்கத்து வீட்டில் பேகம் இருந்தாள். குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவள் புருஷன் ராஜா முகமதுவுக்குக் காதர்பேட்டையில் பனியன் வியாபாரம். வெளுத்த துணியைக் கண்டால் பேகத்துக்குக் கை சும்மா இருக்காது. அவள் வீட்டுத் தலையணை உறையும் ஜன்னல் திரையும் வருஷத்துக்கு ஒரு நிறம் மாறும். கடையில்தான் சாயப்பொடி பொட்டலம் பொட்டலமாக விற்கிறதே என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "அது துணி மேல குந்தியிருக்கும். வேர்ச் சாயம் துணிக்குள்ள குடியிருக்கும்" என்பாள்.

சேலையை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள் பேகம்.

"ஏனுங்கக்கா, இது பஞ்சாட்டம் ஆயிப்போச்சுங்களே. புதுத்துணின்னா சோடா உப்புப் போட்டு வேகவெப்பேன். இதை வேகவெச்சா நூலு நூலா வந்துரும். பூந்திக்காய்த் தண்ணியில அலசிக்கலாமுங்க."

"அழுக்கு போயிருமா அம்மிணி?"

"பொட்டியில தூங்குன சேலையில அழுக்கென்னங்க இருக்கப் போவுது?"

அலசிய சேலையைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். ஊறும்போது பேகம் தன் பிறந்த வீட்டுப் பெருமையை எடுத்துவிட்டாள்.

"எங்கம்மா கடுக்காயோட எருமைப்பாலும் ஊத்துவாங்கக்கா. பாலு ஊறுன எடத்துல சாயம் ஆழமா எறங்கும், அப்பறம் என்ன தொவைச்சாலும் உடாது. நம்முளுக்குக் காப்பிக்கே பாலு பத்தறதில்லை. சேலைக்கு வேற ஊத்துனா ஊட்டுக்காரரு என்னைத்தான் அண்டாவுல போடுவாரு."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அப்புறம் சேலையைக் காயவைத்துப் படிகாரத் தண்ணீரில் நனைத்து, மறுபடியும் காயவைத்தார்கள். இவ்வளவு பாடுபட்டும் சேலை பழைய சோற்றிலிருந்து பழைய மோருக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். சுப்பாத்தாளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. நாட்டு மருந்துக் கடையிலிருந்து வாங்கிவந்த மஞ்சிட்டி வேரைப் பார்த்ததும் இன்னும் மோசம். அடுப்பெரிக்கக்கூடக் காணாத காய்ந்த குச்சிகள். இதிலிருந்தா சிவப்பு வரப்போகிறது?

மறுநாள் காலையில் பேகம் வீட்டுப் பின்வாசலில் பித்தளை அண்டாவை ஏற்றினார்கள். இடித்து ஊறவைத்த வேர் சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்தது. கொதிக்க விடாமல் விறகை இழுத்து இழுத்து வைத்தாள் பேகம். சேலையை உள்ளே இறக்கி மூங்கில் கழியால் புரட்டச் சொன்னாள். சுப்பாத்தாள் புரட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு மடிப்பைத் தூக்கிப் பார்த்தவள் கழியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். செம்மண் நிறம் ஏறியிருந்தது. அடுத்த மடிப்பு செங்கல். அதற்கடுத்தது பழுத்த மிளகாய். யாரோ உள்ளிருந்து விளக்கேற்றிக்கொண்டே வருவதுபோல, அவள் கண் எதிரிலேயே, அந்தச் செத்த துணிக்குள் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, இது எங்கிருந்து வருது?" என்று கேட்டாள் சுப்பாத்தாள். கேள்வி சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

"எனக்கும் தெரியாதுங்கக்கா. எத்தனை தடவை போட்டாலும் நானும் இப்படித்தான் நின்னு பாத்துட்டே இருப்பேன்" என்றாள் பேகம்.

ஆறவைத்து, நாலு தண்ணீரில் அலசி, வேலியோரக் கொடியில் சேலையை நீட்டமாக விரித்துப் போட்டார்கள். ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. காயக் காயத்தான் தெரிந்தது. முதலில் பார்த்தவள் பேகம்.

"அய்யோ, போச்சுங்க!"

முந்தானைக்குச் சற்றுத் தள்ளி, கட்டினால் மார்பை மூடுகிற பாகத்தில், இரண்டு இடங்களில் சிவப்பு கறுத்துத் திட்டாக இறங்கியிருந்தது. ஒன்று உள்ளங்கை அளவு. இன்னொன்று அதைப்போல மூன்று மடங்கு, ஓரமெல்லாம் வழிந்து ஓடியதுபோல. மற்ற இடமெல்லாம் ஒரே சீரான சிவப்பு.

"என் தப்புங்கக்கா. பழைய துணின்னு பயந்துட்டு வேகவெக்காம உட்டுட்டேன். என்னமோ கறை உள்ளயே இருந்திருக்குது. சாயத்தை அங்க மட்டும் நெறையக் குடிச்சிருச்சு" என்று பேகம் தலையில் கை வைத்தாள்.

சுப்பாத்தாளுக்கு அவள் பேசியது காதில் விழவில்லை. பிள்ளைபெற்ற உடம்புக்கு உறுத்தக் கூடாது என்று பழைய மெல்லிசுச் சேலையாகப் பார்த்துக் கட்டிவிடுவார்கள். அவளுக்கு அப்போது கட்டிவிட்டது இந்தச் சேலைதான். பிள்ளை இருந்த நாளெல்லாம் இதுதான். அவன் போன பிறகும் இதுதான். பிள்ளை போனது பாலுக்குத் தெரியவில்லை. மல்லிகைப் பூவை அரைத்துப் பற்றுப் போட்டும் நிற்காமல் சுரந்து சுரந்து சேலையை நனைத்தது. பிறகு ஒருநாள் பச்சைத் தண்ணீரில் அலசிப் பெட்டியின் அடியில் திணித்தவள், எந்தச் சேலை என்பதையும் மறந்துபோனாள்.

ஒன்றுமே மிச்சமில்லை என்று நினைத்திருந்தாளே! எல்லாவற்றையும் அவனோடு அனுப்பிவிட்டவர்கள் இதை எப்படி விட்டார்கள்? கண்ணுக்குத் தெரியாமல், நிறமில்லாமல், இத்தனை வருஷம் நூலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. காய்ந்த வேர் ஒன்று வந்து தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவள் கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோலக் கொடிக்கு முன்னால் நின்றாள். கைகூப்பத்தான் தோன்றியது. பேகம் பார்க்கிறாளே என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கக்கா. துருப்பிடிச்ச ஆணி ஊறுன தண்ணியக் கலந்து இன்னொருக்கா முக்குனா முச்சூடும் கருஞ்சிவப்பாயிரும். ஒரு பொட்டு தெரியாது" என்றாள் பேகம்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பேகத்துக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி எதுவும் தெரியாது. சொல்லக் கூடாத பேச்சைச் சொல்லிப் பழக்கமில்லாமல் நாக்கு மரத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மதியச் சாப்பாட்டுக்குச் சென்னியப்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

சென்னியப்பனுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. மிஷினிலிருந்து இறங்குகிற துணியில் ஓட்டையும் கறையும் கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு. எண்ணெயா, துருவா, வேர்வையா என்று தொட்டே சொல்லிவிடுவான். அவன் ஒதுக்கினால் அந்தத் துணி வேஸ்ட்டுக்குத்தான் போகும். பேகம் அவனைக் கண்டதும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, சித்த வந்து பாருங்க. நீங்க பாத்தாத் தெரிஞ்சிருமுங்க. இது என்ன கறை? இன்னொருக்கா முக்குனா மறைஞ்சிருமுங்களா?"

சுப்பாத்தாளுக்கு அவனைத் தெரியும். இவன் ஒரு பார்வை பார்த்து, மறைஞ்சிரும் முக்குங்க என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். அதோடு பிள்ளை இரண்டாம் தடவை போய்விடுவான். இந்த முறை நிஜமாகவே ஒன்றும் மிஞ்சாது.

சென்னியப்பன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தான். கம்பெனியில் பார்க்கிறதுபோலவே துணியை விரல்களுக்கிடையில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"எண்ணெய் இல்லீங்க அம்மிணி. துருவும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே கரையைத் திருப்பினான். திருப்பிய கை அங்கேயே நின்றது. கரையைப் பார்த்தான். மறுபடி அந்தத் திட்டுகளைப் பார்த்தான். பிறகு சுப்பாத்தாளைப் பார்த்தான்.

"அந்தச் சேலையா?" என்றான்.

அவள் தலையை அசைத்தாள்.

பேகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முக்க வேண்டாமுங்க அம்மிணி. இது பாலு" என்றான் சென்னியப்பன். செருமிவிட்டு, கம்பெனியில் துணிக்குக் கணக்குச் சொல்கிற அதே குரலில் சொல்லப் பார்த்தான், முடியவில்லை. "எங்களுக்கு ஒரு பையன் இருந்தானுங்க."

பேகம் வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் சின்னத் திட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான். பிறகு பெரியதைத் தொட்டான்.

"வலப்பக்கந்தான் குடிப்பான். இந்தப் பக்கம் எத்தனை வெச்சாலும் குடிக்க மாட்டான். அது பாட்டுக்கு வழிஞ்சுட்டே இருக்கும். அதனாலதான் இங்க இத்தனை."

சுப்பாத்தாளுக்கு அது மறந்தே போயிருந்தது. பெற்றவள் மறந்ததை அந்த ஊமை மனுஷன் இத்தனை வருஷம் வைத்திருந்தான். அவள் கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சியச் சுளிச்சுட்டு, தலைய இப்படி ஆட்டுவானுங்க" என்று ஆட்டிக் காட்டினாள்.

"ஆமா" என்றான் சென்னியப்பன். "அப்படித்தான் ஆட்டுவான்."