சிவப்புத் துணி கட்டிய குச்சி

1

இந்தக் கதை ஒரு கெட்டுப்போன புகைப்படத்திலிருந்து வந்தது. எடுத்தவள் என் தோழி மதிவதனி. படத்தின் பாதியை ஒரு வேட்டி மறைத்திருக்கிறது. அந்த வேட்டிக்காகத்தான் எழுதுகிறேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் அந்தப் பறவை

(அடித்துவிட்டேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பறவை வந்தால் பின்னாலேயே பனியும் வந்துவிடும். கீழ்வேளூரில் அப்போது வைகாசிக் கடைசி.)

2

மதிவதனிக்கு மருந்துக்கடையில் வேலை. போகிற வழியில், சித்தப்பா இளையபெருமாளின் வயலில், ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருப்பதைக் கண்டாள். கூடு என்று ஒன்றும் கிடையாது. கட்டாந்தரையில் உள்ளங்கையளவு பள்ளம், மண் நிறத்தில் முட்டைகள். இருபத்தாறு நாள், தினமும் வரப்பில் குப்புறப் படுத்துப் படமெடுத்தாள்.

புழுதி உழவுக்கு டிராக்டர் வருகிறது என்று தெரிந்ததும் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி, பள்ளத்துக்கு நாலடி தள்ளி நட்டாள். டிரைவர் ராம்கியிடம் சொல்லிவைத்தாள்: "அண்ணே, குச்சி நிக்கிற மூலைய மட்டும் உழாம விட்டுடுங்க."

(சித்தப்பாவிடம் ஏன் சொல்லவில்லை? அதற்காக ஒரு குடும்பச் சண்டையையே கற்பனை செய்துவைத்திருந்தேன். கடைசியில் அவளிடமே கேட்டேன். "மறந்துட்டேன்டி" என்றாள்.)

3

மறுநாள் காலை சித்தப்பா போனில் கத்தினார். "கேமராவ எடுத்துக்கிட்டு ஒடனே வயலுக்கு வாம்மா!"

இந்தப் பக்கத்தில் வயலில் முன்பின் தெரியாத குச்சி நின்றால், எரிவாயுக் கம்பெனிக்காரர்கள் குழாய் பதிக்க அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.* சித்தப்பா அதைப் பிடுங்கி எறிந்த கையோடு விவசாயச் சங்கத்துக்கும் சொல்லிவிட்டார். நாலு பைக்கில் கொடியோடு ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். டிராக்டர் பாதி வயலை உழுதுவிட்டுப் பள்ளத்துக்குப் பத்தடியில் நின்றது.

"வண்டிய எடுக்காதய்யா!" சங்கத் தலைவர் ஜெகபர் அலி ராம்கியை மறித்துக்கொண்டிருந்தார். "குச்சி நட்ட எடத்த உழுதுட்டா, கலெக்டர்கிட்ட எதக் காட்டுறது?"

வரப்பில் கிடந்த குச்சியை மதிவதனி அடையாளம் கண்டுகொண்டாள்.

"சித்தப்பா... அது நான் நட்டது."

"நீ எப்பம்மா கம்பெனில சேந்த?"

"குருவி முட்ட போட்டிருக்கு. வண்டி ஏறிடக் கூடாதுன்னு..."

ராம்கி தலையைச் சொறிந்தார். "குச்சியக் காணும். சரி, பொரிச்சுட்டுப் போயிருச்சுன்னு நெனச்சுல்ல வண்டிய விட்டேன்!"

ஜெகபர் அலி கொடியைச் சுருட்டினார். "நல்லா வந்தோம்டா போராட்டத்துக்கு. எங்கம்மா அந்தக் குருவி? காட்டு."

* வெளியூர் வாசகர்களுக்கு: இது சிரிப்புக்காகச் சேர்த்ததல்ல. அப்படிப்பட்ட குச்சியைப் பார்த்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்தவர்கள் இங்கே உண்டு.

4

பள்ளம் காலி.

(முதல் முடிவு: நசுங்கிய ஓடு, ஈர மண், அவள்... எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. நல்லவேளை, அது நடக்கவும் இல்லை.)

வரப்போரம் மூன்று குஞ்சுகள் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தன. தாய் எல்லோர் தலைக்கும் மேலே கத்திக்கொண்டு சுற்றியது. மதிவதனி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடி கேமராவை அழுத்திய நொடியில் சித்தப்பா குறுக்கே குனிந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலாவது எங்கம்மா?"

யாரும் காலை நகர்த்தவில்லை. பிறகு ஒவ்வொருவராக, வந்த தடத்திலேயே அடிவைத்துத் திரும்பினார்கள். ராம்கி டிராக்டரைப் பின்னால் எடுத்தார். சித்தப்பா அந்தக் குச்சியைத் தேடியெடுத்து, துணியை இறுக்கிக் கட்டி, தானே நட்டார்.

5

படத்தின் இடது மூலையில், வேட்டி மறைத்தது போக, கறுப்பாக ஒன்று தெரிகிறது. குஞ்சுகளின் கழுத்தில் இருப்பதுபோல், வெள்ளைக் கோடு மாதிரி ஏதோ. ராம்கி அதை மண்கட்டி என்கிறார். மண்கட்டியும் அசையாது, பயந்த குஞ்சும் அசையாது. மாலை வரை தாய் அந்த மூலையைத்தான் சுற்றியது என்கிறாள் மதிவதனி. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாதென்றால் நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு,