விருந்தினருக்கு எட்டு முகமூடி

ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் தீயணைத்தவர் மாயவன். அவர் பக்கத்தில் அதே போல் துண்டு கட்டி நின்ற சக வீரர் பாவாடை, பீடியைக் கையால் தொடாத மனிதர், நுரையீரலில் புற்று வந்து 2004 நவம்பரில் போய்ச் சேர்ந்தார். "என்ன புகையில வேலை செஞ்சார்?" என்று டாக்டர் கேட்டதிலிருந்து மாயவனுக்குத் தூக்கம் போயிற்று. மரக்காணம் கரையில் ஃபைபர் படகும் பிளாஸ்டிக் சாக்கும் எரிந்து வரும் புகை விறகுப் புகை அல்ல. தன்னோடு வண்டியில் வரும் மூவருக்காவது வடிகட்டி வைத்த முகமூடி வாங்கிவிட வேண்டும், அவர்களில் ஒருவனான மணிவண்ணன் வீட்டு வாசலிலும் சாவுப் பந்தல் போட விடக்கூடாது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டார்.

மேலதிகாரிகளுக்கு எழுதினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதற்குள் சுனாமி வந்தது, அதன் பின்னாலேயே அறக்கட்டளைகள் வந்தன. கடலே இல்லாத கிளியனூரில் மாடு மேய்ப்பவருக்குக்கூட மீன்வலை கிடைத்த காலம் அது. மாயவனும் மனு எழுதிக்கொண்டு ஓர் அறக்கட்டளையின் மேலாளர் கலையரசனிடம் போனார்.

"பாவாடை எப்ப இறந்தார்?"

"நவம்பருங்க."

"அடடா, சுனாமி டிசம்பர்ல ஆச்சே. ஒரு மாசம் தாக்குப் பிடிச்சிருந்தா கேஸ் ஸ்ட்ராங்கா இருந்திருக்கும்."

மாயவனுக்கு ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. முகமூடி வேண்டுமே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கலையரசன் இரக்கமுள்ளவர்தான், யோசனை சொன்னார். விழிப்புணர்வு விழா நடத்தலாம். உடைந்த படகு ஒன்றைக் கொளுத்தி, அந்தப் புகை எவ்வளவு கொடியது என்று நன்கொடையாளர்களுக்குக் கண்ணெதிரே காட்டலாம். அதற்காக எட்டு முகமூடி வாங்கினார்கள். எட்டும் விருந்தினருக்கு.

"எங்களுக்குங்க?"

"நீங்க போட்டுக்கிட்டு நின்னா, இவங்களுக்குத்தான் இருக்குதேன்னு நினைச்சிட மாட்டாங்களா? போட்டோவுல தேவை தெரியணும் சார்."

விழா மேடையைப் படகுக்கு மேற்கே, உப்பு அம்பாரங்களுக்கு முன்னால் போட்டார்கள். வெள்ளைப் பின்னணி போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமாம். "பன்னெண்டு மணிக்கு மேல கடல்காத்து ஏறும், பொகை மொத்தமும் மேடைக்குத்தான் வரும்" என்று மாயவன் சொல்லிப் பார்த்தார். உப்பு வாரும் பெண்கள்கூட அந்த நேரம் தெரிந்துதான் சோற்றுத் தூக்கை மூடுவார்கள். "ஃபங்ஷன் பத்து மணிக்கே முடிஞ்சிடும்" என்றார் கலையரசன். தலைமை விருந்தினர் வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டேகால்.

"காத்து திரும்பிடுச்சிங்க."

"ப்ரோக்ராம்ல இருக்கிறத செய்ங்க."

மாயவன் கொளுத்தினார். முகம் தெரியாமல் எடுக்கும் போட்டோ எதற்கு என்று எட்டு பேரும் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மேலேயே கரும்புகை வந்து இறங்கியது. புற்றுநோயைப் பற்றிப் பேச வந்த பெரிய மனிதர்கள் முகமூடி, சால்வை, செருப்பு எல்லாவற்றையும் அங்கங்கே போட்டுவிட்டுக் கார்களைப் பார்த்து ஓட்டமெடுத்தார்கள்.

மாயவன் சிரிக்கவில்லை. குனிந்து முகமூடிகளைப் பொறுக்கினார். முதலாவதை மணிவண்ணனுக்குத் தன் கையாலேயே மாட்டி வாரை இறுக்கினார். பிறகு மற்ற இருவருக்கும், கடைசியாகத் தனக்கும். மீதி நான்கு வண்டி சீட்டுக்கு அடியில் போயின. புகைக்கு நடுவே நின்று நிம்மதியாக மூச்சு விட்டார். பாவாடை இதைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று கண் நிறைந்தது.

கால்மணியில் தீ அணைந்துவிட்டது. கலையரசன் இருமிக்கொண்டே வந்தார்.

"முகமூடிங்களைக் குடுத்துடுங்க. அடுத்த வாரம் பொம்மையார்பாளையத்துல இதே ப்ரோக்ராம் இருக்குது."

"வேலை முடியலீங்க. உள்ள கனல் இருக்குது" என்றார் மாயவன் முகமூடிக்குள்ளிருந்து. "அடிடா மணிவண்ணா."

மணிவண்ணன் ஈரச் சாம்பலில் தண்ணீரைப் பீய்ச்சினான். மூன்று மணிக்கு வண்டியில் தண்ணீர் தீர்ந்தது. மாயவன் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். வெயிலில் நின்று நின்று பார்த்த கலையரசன் ஐந்து மணிக்குக் காரேறினார். படகு எரிந்த இடத்தில் முழங்காலளவு குளம் கட்டியிருந்தது. கார் சாலையேறி மறையும்வரை நால்வரும் அதில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.